தலை முதலில் வரும் மொழியும் தலைகீழான முதற் பாடங்களும்

ஹவாய் மொழியைப் புதிதாகக் கற்க வருவோருக்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தொடக்கப் பாடங்கள் பலவற்றில் முதலில் வரும் வாக்கியம் “என் பெயர் கலனி” என்பதாகும். ஹவாய் மொழியில் அது “’ஒ கலனி கொ’உ இனொஅ” என்று அமையும். வாக்கியத்தில் குறை ஏதும் இல்லை. அதற்குக் கீழே, சொல்லுக்குச் சொல் பொருள் என்று எழுதப்படும் விளக்கத்திலேயே விபரீதம் தொடங்குகிறது. “’ஒ” என்றால் ஆங்கிலத்தின் “இஸ்”, “கொ’உ” என்றால் “என்”, “இனொஅ” என்றால் “பெயர்” என்று பாடம் சொல்லிவிடுகிறது. மாணவரும் கொப்பியில் குறித்துக்கொள்கிறார்.

ஹவாய் மொழியில் “இஸ்” என்ற வினைக்கு ஈடான சொல்லே கிடையாது. இல்லாத ஒன்றை முதல் நாளிலேயே இருப்பதாகச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர் கற்பித்தலா?

மேலே செல்வதற்கு முன் எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. ஹவாய்ச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். க, ப ஆகியவற்றை எவ்விடத்திலும் வல்லொலியாகவே வாசிக்கவும். மேற்கோள் குறிபோல இடையிடையே வரும் சிறு கோடு, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் மெய்யொலியைக் காட்டுகிறது. உயிரொலிகளைப் பொறுத்தவரை தமிழருக்குச் சிரமமே இல்லை. அ, இ, உ, எ, ஒ என ஐந்து குறில்களும் அவற்றுக்கு ஈடான ஐந்து நெடில்களும் அங்கும் உண்டு. ஆங்கிலம் வழியாகக் கற்பவருக்கு எகர ஏகார வேறுபாட்டை உணர்த்த எழுத்தின் தலையில் கோடு போட வேண்டியிருக்கிறது. நமக்கோ அது அரிச்சுவடியிலேயே வந்துவிடுகிறது.

இனி “’ஒ” என்பதற்கு வருவோம். அது “இஸ்” தான் என்று நம்பிய மாணவர் சில நாட்களில் “உஅ ஹெலெ ’ஒ கலனி” என்ற வாக்கியத்தைச் சந்திக்கிறார். “கலனி சென்றார்” என்பது அதன் பொருள். கற்பிக்கப்பட்ட விளக்கத்தின்படி பார்த்தால் “சென்றார் இஸ் கலனி” என்றல்லவா ஆக வேண்டும்? மாணவர் குழம்புகிறார். உடனே ஆசிரியர், “இங்கே அதற்குப் பொருள் இல்லை, விட்டுவிடுங்கள்” என்கிறார். உண்மையில் இரண்டு இடத்திலும் அது ஒரே வகையான வேலையையே செய்கிறது. இன்னார், இன்னது என்று பெயரைச் சுட்டி நிறுத்தும் இடைச்சொல் அது. முதற் பாடத்தில் சொன்ன பொய்யைக் காப்பாற்ற இரண்டாம் பாடத்தில் இன்னொரு பொய். ஐந்தாம் பாடத்துக்கு வரும்போது, ஹவாய் மொழி விதிவிலக்குகளின் குவியல் என்ற எண்ணமே மாணவருக்கு மிஞ்சுகிறது. விதிவிலக்குகளை உண்டாக்கியது மொழி அல்ல, பாடம்.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள தீவுகளில் ஒரு மொழியின் முதற் பாடம் எப்படி அமைந்தால் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த மொழியின் கதையைச் சுருக்கமாகவேனும் அறிந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1834 ஆம் ஆண்டில் லஹைனாலுனாவில் “க லம ஹவாயி” என்ற பத்திரிகை வெளிவந்தது. அன்று முதல் 1948 ஆம் ஆண்டு வரை நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் ஹவாய் மொழியில் வெளிவந்துள்ளன. அவற்றின் பக்கங்கள் ஏறத்தாழ 125,000 எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். செய்தி, விவாதம், வரலாறு, தொன்மக் கதை, இரங்கற்பா, ஆசிரியருக்குக் கடிதம் என்று ஒரு சமூகம் தன்னோடு தானே பேசிக்கொண்ட நூறாண்டுப் பேச்சு அது. 1893 ஆம் ஆண்டில் அரசி லிலியுஒகலனியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896 ஆம் ஆண்டில், அரசு அங்கீகரிக்கும் பாடசாலைகளில் ஆங்கிலமே போதனாமொழி என்று சட்டம் இயற்றப்பட்டது. தாய்மொழியில் பேசிய சிறார்கள் தண்டிக்கப்பட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு தம் மொழியில் பேசாதிருப்பதே அவர்களுக்கு நல்லது என்று பாட்டன் பாட்டிமாரே எண்ணும் நிலை வந்தது.

1978 ஆம் ஆண்டில் மாநில அரசியலமைப்பு ஹவாய் மொழியை ஆங்கிலத்தோடு உத்தியோகபூர்வ மொழியாக ஏற்றது. ஆயினும் 1980களின் தொடக்கத்தில் அம்மொழியைப் பேசிய பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் ஐம்பது பேர்கூட இல்லை என்று மொழி மீட்பு இயக்கத்தினர் கூறியிருக்கிறார்கள். 1983 இல் அந்த இயக்கம் உருவானது. 1984 இல் கவாயித் தீவில் முதலாவது “பூனன லெஒ” முன்பள்ளி திறக்கப்பட்டது. குரல்களின் கூடு என்பது அப்பெயரின் பொருள். 1986 இல் சட்டத் தடை நீங்கியது. 1987 இல் அரச பாடசாலைகளில் ஹவாய் மொழிவழிக் கல்வி தொடங்கியது. இவை சாதாரணச் சாதனைகள் அல்ல.

ஆனால் இதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீஹாவ் என்ற சிறு தீவின் மக்களைத் தவிர்த்துப் பார்த்தால், இன்று ஹவாய் மொழி பேசுவோரில் மிகப் பெரும்பாலோர் அதை வீட்டில் பெற்றவர்கள் அல்லர். வகுப்பறையில் கற்றவர்கள், அல்லது அவ்வாறு கற்றவர்களின் பிள்ளைகள். தமிழுக்கோ சிங்களத்துக்கோ ஒரு மோசமான பாடப்புத்தகத்தால் பெருங்கேடு வந்துவிடாது. வீதியில் இறங்கினால் மொழி காதில் விழுந்து பிழையைத் திருத்திவிடும். ஹவாய் மொழிக்கு அந்த வீதி இல்லை. அங்கே இன்றைய மாணவரின் பிழை, நாளைய ஆசிரியரின் வழக்காகி, அதற்கு மறுநாள் மொழியின் இலக்கணமே ஆகிவிடும். முதற் பாடத்தைப் பற்றி இவ்வளவு வாதாட வேண்டியிருப்பது இதனால்தான்.

ஹவாய் வாக்கியத்தின் எலும்புக்கூடு என்ன? பயனிலை முதலில் வரும், எழுவாய் அதன் பின்னால் வரும், மற்றவை அதற்கும் பின்னால் வரும். அவ்வளவே. ஹவாய் மொழிவழிக் கல்வியை மீட்டெடுத்த ஆசிரியர்கள் இதைக் கற்பிப்பதற்கு “பெபெகெ” என்ற ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். வாக்கியத்தை அவர்கள் ஒரு கணவாயாக, எண்காலியாகக் காண்கிறார்கள். பயனிலை அதன் “பொ’ஒ”, அதாவது தலை. எழுவாய் அதன் “பிகொ”, அதாவது தொப்புள். எங்கே, எதை, யாருக்கு, எப்போது என்று தொடரும் சொற்றொடர்கள் அதன் “’அவெ”, அதாவது கைகள். தலை இன்றி விலங்கு இல்லை. கைகள் எத்தனையும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். “மழை பெய்துகொண்டிருக்கிறது” என்பதை ஹவாய் மொழி “கெ உஅ நெய்” என்கிறது. இங்கே தலை மட்டுமே உண்டு, தொப்புள்கூட இல்லை. ஆங்கிலமோ எழுவாய் இல்லாமல் நிற்க முடியாமல் “இட்” என்ற ஒரு பொம்மையை முன்னால் நிறுத்துகிறது. அந்தப் பொம்மைக்கு ஹவாய்ச் சொல் என்ன என்று தேடுகிற மாணவரை உருவாக்குவதே இன்றைய பாடங்கள் பலவற்றின் சாதனை.

குறை சொல்வது எளிது, நீ எப்படித் தொடங்குவாய் என்று கேட்பது நியாயம். எனவே ஒரு மணித்தியாலப் பாடம் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு சொற்களே போதும்.

முதற் படி, பண்பு தலையாக வரும் வாக்கியம். “நுயி க ஹலெ.” நுயி என்றால் பெரிது. ஹலெ என்றால் வீடு. க என்பது, குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் முன்னடை. வீடு பெரிது. வீட்டை எடுத்துவிட்டு மனோ, அதாவது சுறாவை வைக்கலாம். “நுயி க மனோ.” சுறா பெரிது. இதற்குள் எந்த “இஸ்”சும் தேவைப்படவில்லை என்பதை மாணவர் தாமே காண்பார். உடனே “க ஹலெ நுயி” என்று மாற்றிக் காட்ட வேண்டும். இப்போது அது வாக்கியம் அல்ல. “பெரிய வீடு” என்ற சொற்றொடர் மட்டுமே. தலையில் நின்றால் பயனிலை, பெயருக்குப் பின்னால் நின்றால் அடை. இடமே இலக்கணம் என்ற பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

இரண்டாம் படி, வினை தலையாக வரும் வாக்கியம். “உஅ ஹெலெ கெ கெய்கி.” சிறுவன் சென்றான். சுட்டும் முன்னடை இங்கே கெ என்று மாறியிருக்கிறது. க, அ, எ, ஒ ஆகிய ஒலிகளில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால், சில விலக்குகளோடு, அது அப்படித்தான் வரும்.

மூன்றாம் படி, கைகளைச் சேர்த்தல். “உஅ ஹெலெ கெ கெய்கி இ கெ குல.” சிறுவன் பாடசாலைக்குச் சென்றான். பிறகு “உஅ ’அய் க மனோ இ க இ’அ.” சுறா மீனைத் தின்றது. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி, “உஅ ’அய் க இ’அ இ க மனோ” என்று சொல்லி, இப்போது செத்தது யார் என்று கேட்க வேண்டும். மீன் சுறாவைத் தின்றுவிட்டது என்று வகுப்பு சிரிக்குமானால் பாடம் விளங்கிவிட்டது என்று பொருள். மொழிபெயர்க்கச் சொல்லும் பரீட்சையைவிட இந்தச் சிரிப்பு நம்பத்தக்க சான்று.

நான்காம் படி, பெயர் தலையாக வரும் வாக்கியம். “ஹெ குமு ஔ.” ஹெ என்பது “ஒரு”, குமு என்பது ஆசிரியர், ஔ என்பது நான். நான் ஓர் ஆசிரியர். இவ்வளவும் ஆன பிறகு, கடைசியாக, “’ஒ கலனி கொ’உ இனொஅ.” இப்போது மாணவருக்கு எந்த விளக்கமும் தேவையில்லை. தலையில் நிற்பது கலனி என்ற பெயர். பின்னால் வருவது “என் பெயர்”. முதலில் கொடுக்கப்பட்டால் பொய்யாக வேண்டிய அதே வாக்கியம், கடைசியில் கொடுக்கப்படும்போது தானாகவே விளங்கிக்கொள்கிறது.

எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் முக்கியம். இருவரைக் குறிக்கும் இருமை உட்பட ஹவாய் மொழியில் மூவிடப் பெயர்கள் பதினொன்று உள்ளன. அந்த அட்டவணையை முதல் நாளில் நீட்டக் கூடாது. “என்” என்பதற்கு அகர வடிவமும் ஒகர வடிவமும் உண்டு. என் பிள்ளை என்றால் க’உ, என் தாய் என்றால் கொ’உ. இந்த நுட்பத்துக்கும் வேறொரு நாள் வேண்டும்.

இனி, தமிழர் இதில் ஏன் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும் என்பதற்கு ஒரு காரணம். ஆங்கிலம் வழியாக ஹவாய் மொழியைக் கற்கும் தமிழர், தம்மிடம் இருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு, இல்லாத இடர்ப்பாடுகளை வாங்கிக்கொள்கிறார். “நான் ஓர் ஆசிரியர்” என்பதில் தமிழுக்கும் “இஸ்” வேண்டியதில்லை. “என்னிடம் கார் உண்டு” என்பதை ஹவாய் மொழி “ஹெ க’அ கொ’உ” என்கிறது. ஆங்கிலத்தின் “ஹேவ்” போன்ற வினை அங்கும் இல்லை, இங்கும் இல்லை. கேட்பவரையும் சேர்த்த “நாம்” அங்கே காகொஉ. கேட்பவரை நீக்கிய “நாங்கள்” அங்கே மாகொஉ. ஆங்கிலேயருக்கு ஒரு பக்கம் விளக்கம் தேவைப்படும் இவ்விடயம் நமக்கு ஒரு வரியில் முடியும்.

“உஅ” என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலப் பாடங்கள் பலவும் அதை இறந்தகாலக் குறி என்கின்றன. அப்படியானால், வயிறு நிறைந்தவர் இப்போதைய நிலையைச் சொல்லும்போது “உஅ மா’ஒன ஔ” என்று “உஅ” போடுவது ஏன்? “விளங்குகிறது” என்பதற்கு “உஅ மஒபொபொ இஅ’உ” என்பது ஏன்? உஅ என்பது நிறைவைக் காட்டும் குறி. ஒன்று நடந்து முடிந்து, அந்த நிலை எய்தப்பட்டுவிட்டது என்பதே அதன் கருத்து. நாமும் “வயிறு நிறைந்துவிட்டது”, “எனக்கு விளங்கிவிட்டது” என்றுதானே சொல்கிறோம்? அந்த “எனக்கு” கூட இஅ’உ என்று அங்கே அப்படியே இருக்கிறது.

வரிசை மட்டுமே வேறு. அந்த வேறுபாடும் ஒழுங்கானது. ஹவாய்த் தொடரைப் பின்னாலிருந்து வாசித்தால் பெரும்பாலும் தமிழ் வந்துவிடும். “இ கெ குல” என்பதில் வேற்றுமைக் குறி முன்னால், பெயர் பின்னால். “பாடசாலைக்கு” என்பதில் பெயர் முன்னால், உருபு பின்னால். “உஅ ஹெலெ” என்பதில் நிறைவுக் குறி முன்னால், வினை பின்னால். “சென்றான்” என்பதில் வினையடி முன்னால், கால இடைநிலை பின்னால். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள் போன்றவை. உறவு மொழிகள் என்று இதைக் கொண்டு எவரும் புறப்பட்டுவிட வேண்டாம். இவை தொடர்பற்ற இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒரு கற்பித்தற் கருவியாக மட்டும் இதைக் கொள்க.

ஆங்கில “இஸ்” எங்கும் நுழையும் என்பதற்கு நாம் ஹவாய்வரை செல்ல வேண்டியதும் இல்லை. செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்தியை அவசரத்தில் தமிழாக்கும்போது, “அவர் ஒரு மருத்துவர்” என்ற நல்ல தமிழ் “அவர் ஒரு மருத்துவராக இருக்கிறார்” என்று வீங்கிவிடுகிறது. பல கோடிப் பேர் பேசும் மொழிக்கே இந்தத் தொற்று ஏற்படுமானால், வகுப்பறையை மட்டும் நம்பி வாழும் மொழியின் கதி என்ன?

எதிர்வாதங்கள் உள்ளன. கற்க வருவோர் ஆங்கிலம் பேசுபவர்கள், தெரிந்ததிலிருந்தே தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது முதலாவது. சரிதான். தெரிந்தது உதவும் இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். உதவாத இடத்தில் “உங்கள் மொழியில் உள்ள இது இங்கே இல்லை” என்று நேர்மையாகச் சொல்லுங்கள். ஆங்கிலப் பழக்கம் ஆழமாக உள்ளவருக்கே அந்த நேர்மை அதிகம் தேவை.

முகமன் சொற்களும் பாட்டும் கொண்டு தொடங்கினால்தான் ஆர்வம் பிறக்கும் என்பது இரண்டாவது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் 10 மில்லியனுக்கும் அதிகமான பயணிகள் அத்தீவுகளுக்குச் சென்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் “அலொஹ” தெரிந்திருக்கும். அதனால் ஹவாய் மொழி பேசுவோர் எத்தனை பேர் கூடினர்? முகமன் சொற்கள் விடுதி வாசலில் போடும் மாலை போன்றவை. மாலையோடு எவரும் வீட்டுக்குள் குடியேறிவிடுவதில்லை.

பூனன லெஒ சிறார்கள் இலக்கணம் படித்தா பேசுகிறார்கள் என்பது மூன்றாவது, வலுவானதும் கூட. இல்லை. அவர்கள் காலை முதல் மாலை வரை மொழிக்குள் இருக்கிறார்கள். அந்தக் கூடு வாய்த்தவர்களுக்கு என் பாடம் வேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் ஒரு மணித்தியாலம் மாலை வகுப்புக்கு வரும் தாய்க்கும், 2018 ஆம் ஆண்டில் டுவோலிங்கோ ஹவாய் மொழியைச் சேர்த்த பின்னர் கைத்தொலைபேசியில் கற்பவருக்கும் அந்தக் கூடு இல்லை. ஆயிரம் வாக்கியங்கள் காதில் விழுந்து தாமாகச் செய்ய வேண்டிய வேலையை, ஒழுங்காகத் தெரிந்தெடுத்த இருபது வாக்கியங்கள் செய்தாக வேண்டியிருக்கிறது. வாக்கியங்களைத் தெரிந்தெடுக்கும் வரிசை அவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

கணவாய் உருவகம் பழைய மரபு அல்லவே, அண்மைக்கால ஆசிரியர்கள் புனைந்ததுதானே என்றும் சிலர் கேட்பர். ஆம். எழுவாயும் பயனிலையும் எவரோ ஒருவர் வகுத்த சொற்களே. 1854 ஆம் ஆண்டில் லொரின் அன்றூஸ் எழுதிய ஹவாய் இலக்கண நூல் ஆங்கிலத்தில் வந்தது. 1979 இல் எல்பெர்ட், புகுயி ஆகியோர் வெளியிட்ட சிறந்த இலக்கணமும் ஆங்கிலத்தில்தான் வந்தது. அந்நூல்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இருப்பினும், ஒரு மொழியின் உறுப்புகளுக்கு அம்மொழியிலேயே பெயர் சூட்டிய ஏற்பாட்டை, புதிது என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

என் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அந்த 125,000 பக்கங்களை இனி யார் வாசிப்பது? அவற்றில் உள்ளவை நீண்ட வாக்கியங்கள், கைகள் பல நீட்டிய கணவாய்கள். தலை எங்கே, தொப்புள் எங்கே என்று காணத் தெரியாதவர், அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்தாலும் ஆங்கில வரிசையில் அவற்றை அடுக்கி வேறொரு கதையையே வாசிப்பார். முன்னோர் அச்சில் விட்டுச் சென்றதைப் பேரர்கள் தவறாகப் புரிந்துகொள்வது, வாசிக்காமல் விடுவதைவிடக் கொடியது.

எனவே ஹவாய் மொழிப் பாடம் எதனையேனும் கையில் எடுப்பவர்கள், அதை எழுதப் புகுபவர்கள், முதற் பக்கத்தில் மூன்று விடயங்களைப் பார்க்கட்டும். “’ஒ” என்பதற்கு “இஸ்” என்று பொருள் எழுதப்பட்டிருக்கிறதா? “உஅ” என்பது வெறும் இறந்தகாலம் என்று சொல்லப்பட்டிருக்கிறதா? வாக்கியத்தின் முதலில் வருவது எது, ஏன் என்று எங்காவது ஒரு வரியேனும் இருக்கிறதா? முதலிரண்டுக்கும் ஆம் என்றும் மூன்றாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால், அது ஹவாய்ச் சொற்களை அணிந்த ஆங்கிலப் பாடம். அதை மூடி வைத்துவிட்டு, “நுயி க ஹலெ” என்று தொடங்குங்கள்.